மேத்தா வில்லை இழுக்கிறார், சத்தம்தான் வரவில்லை

குழு: நம்ம குடும்பம்

சுதா சித்தி: கார்த்தி, நீ அனுப்பிய வீடியோ ரொம்ப நீளமாக இருக்கிறதே. எங்கிருந்து பார்க்கணும்?

கார்த்தி: முழுசாகப் பார்த்தால் நல்லது சித்தி. நேரமில்லை என்றால் நாலாவது பகுதி மட்டும். இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘ட்ரௌட்’ குவின்டெட், அதாவது ஐந்து வாத்தியங்களுக்கு எழுதியது. 1969 ஆகஸ்ட் 30, லண்டன் குயின் எலிசபெத் ஹால் கச்சேரி. கிறிஸ்டோபர் நூபென் படம்பிடித்தது.

ராமு பெரியப்பா: அந்த ஆளுயர டபுள் பாஸை அணைத்துக்கொண்டு நிற்பவர் ஜூபின் மேத்தா மாதிரி இருக்கிறாரே?

கார்த்தி: அந்த இசைக்குழு நடத்துநரேதான் பெரியப்பா, பம்பாய்க்காரர். வியன்னாவில் படித்தபோது டபுள் பாஸ்தான் வாசித்தார். இந்தக் கூட்டத்தில் அவர்தான் மூத்தவர், அப்போது 33. பியானோ பாரன்பாய்முக்கு 26, செல்லோ ஜாக்குலின் டு ப்ரேவுக்கு 24. வயலின் பெர்ல்மனுக்கு மறுநாள்தான் 24 முடிகிறது. வியோலா ஸுக்கர்மனுக்கு 21!

சுதா சித்தி: அதான் மேடைக்குப் பின்னால் வாத்தியங்களை மாற்றிக்கொண்டு அந்தக் கூத்தா! 😂

மீனா: அண்ணா, பியானோ குவின்டெட் என்றால் 2 வயலின் இருக்கும் என்று மிஸ் சொன்னாங்க. இதில் ஒன்றுதானே இருக்கு?

கார்த்தி: மிஸ் சொன்னது சரி. ஷூமன், பிராம்ஸ் எழுதியதெல்லாம் அப்படித்தான். இது அதற்கு முந்தியது. 1819 கோடையில் ஷூபர்ட் ஆஸ்திரியாவில் ஷ்டையர் என்ற ஊருக்குப் போயிருந்தார், வயசு 22. அங்கே பௌம்கார்ட்னர் என்று ஒரு செல்லோ பிரியர். அவர் கேட்டு எழுதியது. இரண்டாவது வயலினுக்குப் பதில் டபுள் பாஸ். கீழ் சுரங்களை அது பார்த்துக்கொள்வதால் செல்லோவுக்குப் பாட இடம் கிடைக்கிறது. பியானோவின் இடது கையும் கீழே காவல் நிற்க வேண்டாம். கவனித்துப் பார், இரண்டு கையும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் மேலேயே வாசித்துக்கொண்டிருக்கும்.

மீனா: நாலாவதில் பியானோ சும்மா இருக்கே?

கார்த்தி: தொடக்கத்தில் மட்டும். ஷூபர்ட்டின் ‘ட்ரௌட்’ என்ற மீன் பாட்டின் மெட்டை முதலில் தந்தி வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும். பிறகு அது உருமாறி உருமாறி ஒவ்வொருவர் கைக்கும் போகும். அந்தப் பாட்டில் மீன் துள்ளுகிற மாதிரி பியானோவில் ஒரு சின்ன ஓட்டம் உண்டு. அதை மனுஷன் கடைசி வரை ஒளித்துவைத்து, முடிவில்தான் விடுகிறார்!

லலிதா அத்தை: நான் டு ப்ரேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சிரிப்பு அந்தப் பெண்ணுக்கு. நாலு வருஷத்தில் நரம்பு நோயால் வாசிப்பையே நிறுத்த வேண்டிவந்ததே.

கார்த்தி: ஆமாம் அத்தை. 1987இல் போனபோது 42தான். நாலாவது பகுதியில் அந்த மெட்டின் ஐந்தாவது மாறுதலை இன்னொரு முறை கேளுங்கள், மெட்டு முழுக்கச் செல்லோவிடம்தான்.

ராமு பெரியப்பா: எல்லாம் சரி. மேத்தா வில்லை இழுப்பது தெரிகிறது, சத்தம் வரவில்லையே?

கார்த்தி: போன் ஸ்பீக்கரில் அவ்வளவு கீழ் சுரம் எடுக்காது பெரியப்பா. ஹெட்போன் போடுங்கள். அப்புறம், கடைசிப் பகுதியில் பாதியிலேயே முடிந்தது போல ஒரு நிறுத்தம் வரும். அணைத்துவிடாதீர்கள்.

ராமு பெரியப்பா: மீனா, என் ஹெட்போன் உன்னிடம்தானே இருக்கு?

மீனா: 🙈