மகள் ஐபேடில் மட்டும்தான் வரைகிறாள், கை பழகாமல் போய்விடுமா?

ஈசூன் அம்மா:
வணக்கம். மகளுக்கு 17 வயது. ஓ லெவல் முடித்துவிட்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்கிறாள். நாள் முழுக்க ஐபேடில் வரைகிறாள். நன்றாகத்தான் வரைகிறாள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொங்கலுக்கு மாமியார் வீட்டு வாசலில் கோலம் போடச் சொன்னோம். ஒரு சுழி கோணலாகிவிட்டது. உடனே இரண்டு விரலால் தரையைத் தட்டினாள்! என்னடி இது என்றேன். அவள் வரைகிற ஆப்பில் அப்படித் தட்டினால் கடைசியாகப் போட்ட கோடு மறைந்துவிடுமாம். "பழக்கதோஷம்மா" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் ராத்திரி தூக்கம் வரவில்லை. பென்சிலையும் பேப்பரையும் கட்டாயப்படுத்திக் கொடுக்கலாமா? இந்தத் துறையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

போர்டு மாமா:
தங்கச்சி, தரையைத் தட்டிய கதையைப் படித்து எனக்குக் கோப்பி புரையேறிவிட்டது.

எனக்கு 63 வயது. 80களில் சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன். நூலில் சாக்பீஸ் பொடி தடவி, இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டிச் சுண்டினால் நேர்கோடு விழும். இடது கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் துணிப்பந்து. அதைப் பலகையில் சாய்த்து, மேலே வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டு எழுத வேண்டும். 'ழ'வின் வால் ஒரே மூச்சில் இறங்கணும். நடுவில் நின்றால் எனாமல் திட்டாகக் காய்ந்து காட்டிக் கொடுத்துவிடும். தப்பு வந்தால் டர்பன்டைன் துணி. கடைக்காரர், அவர் மச்சான், வழியில் போகிறவர் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே துடைக்க வேண்டும். அதுதான் எங்கள் அழிப்பு பட்டன்.

90களில், கணினியில் எழுத்தை அடித்தால் வினைல் ஸ்டிக்கரை வெட்டித் தரும் மெஷின் வந்தது. என் வேலையில் பாதி போயிற்று. ஆறு மாதம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இரவு வகுப்பில் சேர்ந்து ஃபோட்டோஷாப் கற்றேன். அது 1990லேயே வந்துவிட்டது. ஆனால் லேயர், அதாவது படத்தின் பகுதிகளைத் தனித்தனி அடுக்குகளாக வைக்கிற சங்கதி, 1994ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்ந்தது. பலகையில் முதலில் தரை நிறம், அது காய ஒரு நாள், பிறகு நிழல், கடைசியில் எழுத்து. இந்த வரிசையிலேயே யோசித்த மூளை எனக்கு. லேயரில் எழுத்தை எழுதி வைத்துவிட்டு, வாடிக்கையாளர் டீ குடித்து முடிப்பதற்குள் தரை நிறத்தை நாலு தடவை மாற்றலாம். சொர்க்கம் என்று நினைத்தேன். மாற்ற முடியும் என்பது அவருக்கும் தெரிந்துபோனதுதான் வினை. முன்பெல்லாம் "எழுதியாச்சு அண்ணே" என்றால் பேச்சு முடிந்தது. பிறகு ஒரு கல்யாண அழைப்பிதழில் மயிலின் கழுத்தை மட்டும் 11 தடவை மாற்றினேன்.

அந்த மயில் இன்னொரு பாடமும் சொல்லிக் கொடுத்தது. திரை, வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது. அச்சு, நாலு மையால். திரையில் மின்னிய மயில் நீலம், 500 அட்டை அச்சாகி வந்தபோது வாடின கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. தப்பு என்னுடையதுதான், நிறத்தை அச்சுக்கு மாற்றிப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். காசு வாங்கவில்லை.

தமிழ் எழுத்து வேறு ஒரு தலைவலி. அப்போது ஒவ்வொரு ஃபான்ட்டுக்கும் ஒரு குறியீடு. என் கணினியில் 'திருமணம்' என்று இருப்பது அச்சகத்தில் திறந்தால் கோழி கிளறின மாதிரி தெரியும். 1995ல் நம் ஊர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். நமக்கும் விடிவு வரும் என்று நம்பினேன். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யூனிகோட் பரவிய பிறகுதான் நிம்மதி. பாவம், அவர் 1999லேயே போய்விட்டார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கை கெடாது. ஐபேடிலும் அதே மணிக்கட்டுதான். முதல் கோடு போடுவதற்கு முன்னால் ஒரு நொடி மூச்சைப் பிடிப்போமே, அது குறையும். பென்சிலைத் திணிக்காதீர்கள், வெறுப்பு வந்துவிடும். வாரம் ஒரு தடவை கோலம் போடச் சொல்லுங்கள், போதும்.

தெம்பனிஸ் கோடன்:
மாமா சொன்ன கோலத்தைப் பற்றி ஒன்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி குழுவினர் 1970களில் கோலத்தையே கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். மகள் தரையில் போடுவதும் ஒரு விதத்தில் புரோகிராம்தான். அவளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கோலத்தின் மேல் மரியாதை வரும்.

மை டப்பா:
நான் தனியாகப் படம் வரைந்து கொடுத்துச் சம்பாதிக்கிறவள், வயது 34. கையைப் பற்றிய கவலை எனக்கு இல்லை. இணையத்தைப் பற்றித்தான். தேக்கா பூக்கடைக்காரர் ஒருவர் மல்லிகை கட்டுவதை வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அது ஒரு டீ-சட்டையில்! என் கையெழுத்தை மட்டும் நறுக்கிவிட்டார்கள். ஆனால் அதே படத்தைப் பார்த்துத்தான் மெல்பர்னிலிருந்து 900 வெள்ளி வேலையும் வந்தது.

2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் நம் சிங்கப்பூர்க் காப்புரிமைச் சட்டத்தை மகளோடு உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். பொதுவில் படைப்பைப் பயன்படுத்துகிறவர் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கேட்டு வரைந்த உருவப்படத்தின் உரிமையும், வேறு மாதிரி எழுதிக் கொடுக்காத வரை, வரைந்தவருக்கே. அதே சட்டம்தான், முறையாக அணுகக் கிடைக்கும் படங்களைக் கணினித் தரவு ஆய்வுக்குப் படியெடுக்கவும் விடுகிறது, லாபத்துக்காக என்றாலும் சரி. ஏஐ நிறுவனங்களுக்கு அது வசதி. எனக்கு வயிற்றெரிச்சல். நான் இப்போது சின்ன அளவுப் படம்தான் போடுகிறேன். அதையும் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2023ல் இலவசமாக வெளியிட்ட கிளேஸ் என்ற மென்பொருள் வழியாக அனுப்பிவிட்டுத்தான் போடுவேன். நம் பாணியை ஏஐ நகலெடுப்பதை அது சிரமமாக்கும். முழுப் பாதுகாப்பு இல்லை.

கோவன் வாசி:
ஓவியத்தில் காசு இல்லை என்று யாரும் சொல்வதற்கு முன்: 2021ல் பீப்பிள் என்பவரின் டிஜிட்டல் படம் ஒன்று ஏலத்தில் 69 மில்லியன் அமெரிக்க டாலருக்குப் போனது. வாங்கியவர் இங்கே சிங்கப்பூரில் இருக்கும் தமிழர் விக்னேஷ் சுந்தரேசன். 'மெட்டகோவன்' என்பது அவருடைய புனைபெயர். எங்கள் கோவன் எம்ஆர்டி ஸ்டேஷன் பெயரை ஏன் வைத்தார் என்று முதலில் குழம்பினேன்.

போர்டு மாமா:
தம்பி, காசை விடுங்கள். அது 5,000 படங்களை ஒட்டிய படம். 2007லிருந்து நாளுக்கு ஒன்று, ஒரு நாள் கூட விடாமல். எனக்கு மலைப்பு அதில்தான்.

ஈசூன் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் காட்டினேன். கிளேஸை உடனே தேடிப் பார்த்தாள். அப்புறம் மாமா சொன்ன 'ழ' அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு மணி நேரம் ஐபேடில் 'ழ'வாகப் போட்டாள். இரண்டு விரல் தட்டல் 26 தடவை, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். இப்போது நிஜத் தூரிகை வேண்டுமாம். எது வாங்க?

போர்டு மாமா:
ஆறாம் நம்பர், நீள மயிர் வைத்தது. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போங்கள். எனாமல் வேண்டாம், வீடு முழுக்க நாறும். போஸ்டர் கலரில் தொடங்கட்டும்.