புதுப்பிப்பு: ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பின் இலக்கு எடையை முடிவு செய்த விதம்

இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பின் எந்த எடையை இலக்காகக் கொள்வது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் அட்டவணையை விட்டுவிட்டு, தொடக்க எடையில் 25 முதல் 30 விழுக்காடு குறைவதைக் கணக்கில் கொள்ளுங்கள் என்ற யோசனையே கைகொடுத்தது. என் உயரம் 160 செ.மீ., தொடக்க எடை 112 கிலோ. பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் குறியீடு) 25 என்றால் 64 கிலோவுக்கு இறங்க வேண்டும், ஆனால் இந்த விழுக்காட்டுக் கணக்கின்படி 78 முதல் 84 வரை என்று வந்ததை மருத்துவரும் ஏற்றுக்கொண்டதால், 82 என்று முடிவு செய்தோம். ஒன்றரை ஆண்டு கழித்து இப்போது 81-இல் நிற்கிறேன்.

எதிர்பாராதவை இரண்டு: எடை முள் வாரக்கணக்கில் அசையாத காலத்திலும் சுடிதார் இடுப்பில் தளர்ந்துகொண்டே வந்தது, சர்க்கரை மாத்திரையை, இலக்கை எட்டுவதற்கு வெகு முன்பே மருத்துவர் நிறுத்திவிட்டார். பின்னாளில் எடை சற்று ஏறுவது பலருக்கும் இயல்பு என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.