முகாம் மனிதர்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

ஓமலூர் டீச்சரம்மா:
போரும் இடப்பெயர்வும் மனுஷங்களை எப்படி உடைக்குதுன்னு நிறையப் பேசியாச்சு. உடைஞ்ச இடத்துலயே வளர்ந்து நிக்கறவங்களை நம்ம சேலம் பக்கத்து இலங்கைத் தமிழர் அகதி முகாம்கள்ல நேர்ல பார்த்தவங்க எழுதுங்க. நானே ஆரம்பிக்கறேன்.

எங்கிட்டப் படிச்ச ஒரு பையனோட அம்மா. 1990 ஜூன்ல சண்டை மறுபடி மூண்டப்ப மன்னார்லேர்ந்து படகேறினவங்க. படகுக்காரன் தனுஷ்கோடிக்கு இந்தப் பக்கம்கூட வரல, நடுக்கடல் மணல் தீடையில இறக்கிவிட்டுட்டுத் திரும்பிட்டான். அப்புறம் மண்டபம் முகாம், அங்கேர்ந்து சேலம். ஊர்ல கடைக்குக்கூடத் தனியாப் போகாதவங்க, இங்க மகளிர் குழுக் கணக்கு எழுதறாங்க, பேங்க் மேனேஜரை எதிர்த்துக் கேள்வி கேக்கறாங்க. “இங்க வந்து எவ்வளவு தைரியம் வந்துடுச்சு உங்களுக்கு”ன்னேன். அரிசி புடைச்சிட்டிருந்தாங்க, சுளகு நிக்கல. “மெய்தான் டீச்சர். ஆனா இதுக்காகத்தான் அது நடந்ததெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. என்ட அண்ணா அங்க செத்தவர்.”

அஞ்சு ரோடு பெயிண்ட் கான்ட்ராக்டர்:
முகாம் ஆளுங்களுக்குக் கிடைக்கிறது பெரும்பாலும் பெயிண்ட் வேலைதானுங்க. எங்கிட்ட ஒரு அண்ணன் இருக்காரு, பட்டி பாக்கறதுல அவரை அடிச்சுக்க ஆளில்ல. லாரி டயர் வெடிச்சாப் போதும், சாரத்துல அப்படியே குத்த வச்சு உக்காந்துடுவாரு. தீபாவளி சமயத்துல பட்டாசுச் சத்தம் எட்டாத வேலையாக் கேப்பாரு, ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஏதாச்சும் எஸ்டேட் வீட்டுக்கு அனுப்பிடுவேன். இத்தனை வருஷமாச்சு, அது மட்டும் போகல.

அதே மனுஷன் என்ன பண்ணுனாரு தெரியுமா? எங்க சைட்ல ஒரு ஒடிசாப் பையன் டெங்குல படுத்துட்டான். ரூம்காரன் காலி பண்ணச் சொல்லிட்டான். நான் யோசிக்கறதுக்குள்ள அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. காலை நீட்டினா சுவர் இடிக்கிற வீடு, பாஷையும் தெரியாது. ஏண்ணே இந்த வம்புன்னேன். “மண்டபத்துல எனக்குக் காய்ச்சல் கண்டப்ப யாரோ ஒரு அம்மா கஞ்சி கொண்டந்து தந்தவ. பேர்கூடக் கேக்கேல்ல.” அவ்வளவுதான், பிரஷ்ஷை எடுத்துட்டுப் போயிட்டாரு. பயந்து உக்கார்றவரும் இவரும் ஒரே ஆளான்னுதான் எனக்கு ஆச்சரியம்.

சமூகப்பணி மாணவி, கொண்டலாம்பட்டி:
ஒரே ஆள்தாண்ணா. ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன்னு ரெண்டு அமெரிக்க உளவியலாளர்கள், பெரிய அடி பட்டவங்ககிட்ட அப்புறம் வர்ற வளர்ச்சியை அளக்க 1996-ல ஒரு அளவுகோல் வெளியிட்டாங்க. 21 வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 5 வரை. மத்தவங்களோட நெருக்கம், புது வாய்ப்பு, தன் பலம், ஆன்மிகம், வாழ்க்கைமேல மதிப்புன்னு அஞ்சு பகுதி. பயமும் கெட்ட கனவும் ஒழிஞ்சாத்தான் வளர்ச்சின்னு அவங்க சொல்லல, ரெண்டும் ஒண்ணாவே இருக்கும்ங்கறாங்க. பட்ட அடியால மட்டும் யாரும் வளர்றதில்ல. இடிஞ்சுபோன நம்பிக்கையைத் திரும்பத் திரும்ப யோசிச்சு எடுத்துக் கட்டணும், நடுவுல அதைக் காது கொடுத்துக் கேக்க ஒரு ஆள் வேணும். 1984-ல சந்திரகாசன்ங்கற ஈழத் தமிழர் தொடங்கின ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளையே முகாம் வேலைக்குப் பழக்கினதை நான் பெருசா நினைக்கிறது அதனாலதான். கேக்கறவங்களும் அதே கடலைத் தாண்டினவங்க.

அந்த அளவுகோல்ல ஒரு ஓட்டையும் இருக்கு. ஆள் தன்னைப் பத்திச் சொல்றதைத்தான் அது பதியும், அதனால மனசைத் தேத்திக்கச் சொல்றவங்களும் நல்ல மார்க் வாங்கிடுவாங்க. ஆன்மிகக் கேள்விக்கு ஒரு பாட்டி சொன்ன பதிலுக்கு எந்த எண்ணைப் போடறதுன்னு எனக்கு இன்னும் தெரியல: “கடவுளோட இப்பவும் சண்டைதான் பிள்ளை. கதைக்கிறத மட்டும் நிப்பாட்டேல்ல.”

முகாம் பையன்:
படிச்சேன், நல்லா இருக்கு. நான் சேலத்துலயே பிறந்தவன். 2021-ல ‘மறுவாழ்வு முகாம்’னு பேர் மாத்தினாங்க, 7,469 வீடு கட்டித் தர்றோம்னாங்க, குடும்பத் தலைவருக்கு மாசப் பணம் 1,000-லேர்ந்து 1,500 ஆச்சு. சந்தோஷம். ஆனா 1987 ஜூலை 1-லேர்ந்து இங்க பிறந்தவங்களுக்கு, பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருந்தாத்தான் பிறப்பால குடியுரிமை. அதனால டிகிரி கையில இருந்தும் சர்க்கார் பரீட்சைப் பக்கம் போக முடியல, முகாம்ல ஆள் இருக்கானான்னு பாக்கற செக்கிங் நாள்ல லைன்ல நிக்கறேன். ‘புது வாய்ப்பு’ங்கற பகுதிக்கு எனக்கு எத்தனை மார்க் போடுவீங்க அக்கா?

இருந்தாலும் டீச்சர் கேட்டதுக்கு எங்க அப்பாவைச் சொல்லணும். 1990 அக்டோபர்ல புலிகள் வடக்குலேர்ந்து முஸ்லிம்களை வெளியேத்தினப்ப அப்பா மன்னார்லதான் இருந்தாரு. பக்கத்துல எருக்கலம்பிட்டியில அவரோட சிநேகிதர், வியாபாரத்துல கூட்டாளி. மூட்டை முடிச்சோட அவங்க போனப்ப யாரும் வாய் திறக்கல, அப்பாவும்தான். கொஞ்ச நாள்ல அப்பாவே படகேறிட்டாரு.

ரொம்ப வருஷம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாரு. எங்க பக்கத்துச் சாவு மட்டும்தான் கணக்கு, அவ்வளவுதான். அப்புறம் எப்பவோ மாறினாரு, எப்படின்னு அவருக்கே சொல்லத் தெரியல. புத்தளத்துல இருக்கிற அந்தச் சிநேகிதரை யார் யாரையோ பிடிச்சு வாட்ஸாப்ல கண்டுபிடிச்சாரு. “அண்டைக்கு நான் வெளிய வந்திருக்க வேணும் மச்சான்”னு சொன்னதை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டேன். இப்போ வெள்ளிக்கிழமை தவறாமப் பேசிக்கறாங்க, பாதி நேரம் மீன் விலைதான். முகாம்ல நாங்க நாலு பசங்க சேர்ந்தா அப்பா அந்த அக்டோபரைப் பத்திச் சொல்றாரு. சில பெரியவங்களுக்கு அது பிடிக்கல, “எங்கட காயமே ஆறேல்ல, இதெல்லாம் இப்ப ஏன்”ங்கறாங்க. அப்பா விடறதில்ல.