ஊட்டி மலையில் ஃபேனை மாற்றி என்ன ஆகப் போகிறது?

கோத்தகிரிக்காரன்: மின்சிக்கனத்தை மாநிலம் முழுக்க வேகப்படுத்த வேண்டும் என்று யார் பேசினாலும், 75 வாட் ஃபேனைக் கழற்றி கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனை மாட்டு என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கூரையில் ஃபேன் கொக்கியே கிடையாது. இங்கே கரண்டைக் குடிப்பது கீசர். 14 டிகிரியில் இருக்கும் ஒரு வாளித் தண்ணீரை, 20 லிட்டர், 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.6 யூனிட். நாலு பேர் குளித்தால் இரண்டு மாதத்துக்கு 144. இலவச 100 யூனிட் குளியலறையிலேயே காலி! மலைக்குக் கீசருக்குப் பதிலாக, குறைந்த கரண்டில் தண்ணீர் சுட வைக்கும் ஹீட் பம்ப் கொடுங்கள்.

மேட்டுப்பாளையம் மணி: அடுத்த மானியமா? 100 யூனிட் சும்மா கிடைக்கும்போது எவன் சிக்கனம் பார்ப்பான் தம்பி? கரண்டுக்குச் சரியான விலை வையுங்கள், ஜனங்கள் தானாக மாறுவார்கள். மானிய விலையில் விட்டால் ரிசார்ட்காரன்தான் அள்ளிக்கொண்டு போவான்.

கோத்தகிரிக்காரன்: மானியம் கேட்கவில்லை அண்ணே, மொத்தக் கொள்முதல் கேட்கிறேன். 2014இல் 310 ரூபாய்க்கு வாங்கிய எல்இடி பல்பு, கோடிக்கணக்கில் ஆர்டர் போனதும் 2016இல் 40க்குக் கீழே வந்ததே. அந்த உஜாலா பல்புத் திட்டத்தில் மானியம் ஏது?

மேட்டுப்பாளையம் மணி: பல்பும் ஹீட் பம்ப்பும் ஒன்றா? அது வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற மிஷின். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது எந்தச் சூட்டை எடுக்கும்? அதன் மேலேயே பனி பிடிக்கும், அதைக் கரைக்கவும் கரண்ட்தான். சோலார் கீசர் என்றால் ஜூலை மூடுபனியில் வெயிலுக்கு எங்கே போவது?

கோத்தகிரிக்காரன்: சரி, அதுவும் உண்மைதான். போடும் கரண்டைப் போல மூன்று மடங்கு சூடு என்று விளம்பரத்தில் சொல்வது வேண்டாம், இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். 144 பாதியாகி 72.

மேட்டுப்பாளையம் மணி: ஆக, வெந்நீர்ச் செலவு மொத்தமும் இலவசத்துக்குள் போய்விட்டது. மிச்சமாவது சில நூறு ரூபாய், மிஷினுக்குப் போட்ட காசை எப்போது எடுப்பாய்? இலவசம் இருக்கும்வரை எவனும் சிக்கனம் பார்க்க மாட்டான் என்று நான் சொன்னதும் அதைத்தானே.

இலைவாடை: வீட்டை விடுங்கள். தேயிலை ஃபேக்டரியில் இலையை வாட வைக்கும் ஃபேன்கள் மணிக்கணக்கில், ராத்திரி முழுக்க ஒரே வேகத்தில் ஓடும். மழை இலைக்கு அது தேவை, ஆனால் ஈரம் வடிந்த பிறகும் எதற்கு? வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கரண்ட் கிட்டத்தட்ட பாதியாகும், ஃபேனின் குணம் அப்படி. வேகம் குறைக்கும் டிரைவ் மாட்டக் கடன் கொடுத்தாலே போதும், ஆனால் இலை விலை இருக்கும் லட்சணத்தில் எந்த முதலாளி கையெழுத்துப் போடுவார்?

குன்னூர் வாடகைவீடு: நீங்கள் எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள் போல. இங்கே கீசர் வாங்கியது ஓனர், பில் கட்டுவது நான். அவர் இருப்பதிலேயே மலிவானதை மாட்டியிருக்கிறார். அதிலிருந்து குழாய் வரை வரும் பைப் வெளிச் சுவரில் மொட்டையாக ஓடுகிறது, கால் வாளி பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் கை சுடும். விலையை ஏற்றினாலும் அடி எனக்கு, ஹீட் பம்ப்பை மலிவாக விற்றாலும் அவர் வாங்க மாட்டார். பைப்புக்குப் பஞ்சு உறையாவது நானே சுற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன். பெயிண்ட் கெட்டுவிடுமாம்.