ஒருவழி மொழிபெயர்ப்புக் கருவிக்கு ‘ஒருதலைப்பேசி’?

> படையினர் கையில் இருக்கும் எல்லாக் கருவிக்கும் பொதுவாக ‘மொழிபெயர்ப்பி’ என்றே வைத்துவிடலாமே.

வணக்கம் ஐயா,

வைக்கக் கூடாது என்பது என் கருத்து. நாம் இங்கே இரண்டு வேறு கருவிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2002 வாக்கில் அமெரிக்கப் படையினர் ஆப்கானிஸ்தானில் பயன்படுத்திய ஃபிரேஸலேட்டர், அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் டார்ப்பா அமைப்பு கொடுத்த பணத்தில் உருவானது. வீரர் ஆங்கிலத்தில் ஒரு தொடரைச் சொன்னால், அதற்குரிய தாரி அல்லது பஷ்தோ ஒலிப்பதிவைத் தேடி எடுத்து ஒலிக்கும். மொழிபெயர்த்தது முன்பே யாரோ ஒரு மனிதர். எதிரே நிற்பவர் பதில் சொன்னால் கருவிக்குப் புரியாது. அதனால் தலையாட்டியோ கையால் காட்டியோ பதில் சொல்லும்படிதான் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

பிறகு டார்ப்பா நடத்திய டிரான்ஸ்டாக் திட்டத்தின் கருவிகள் இருவர் பேச்சையும் கேட்டு மொழிபெயர்க்க முயன்றவை. அவற்றை மொழிபெயர்ப்பி என்றால் சரி.

முதல் வகைக்கு ‘சொல்லி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘சொல்லி அனுப்பினார்’ என்றால் கருவியை அனுப்பினாரா, ஆளிடம் சொல்லி அனுப்பினாரா? ‘தொடரொலிப்பி’ என்று நான் நினைத்துப் பார்த்தேன்; ஓயாமல் அலறும் சங்கு போல இருக்கிறது. ‘கிளிப்பேசி’ அழகுதான். ஆனால் துப்பாக்கிக்கு முன்னால் நிற்கிறவர் கேட்கும் குரலுக்கு அந்தச் செல்லப்பெயர் வேண்டாம். இருமொழி அறிந்து இடையில் நின்று பேசியவரைக் குறித்த பழைய சொல்லான ‘துபாஷி’யை மீட்கலாம் என்ற யோசனை, பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் ஊர்க்காரனான எனக்கும் பிடித்தது. ஆனால் துபாஷி இரண்டு பக்கமும் காது கொடுத்தவர். இந்தக் கருவிக்கு அந்தப் பெயர் தகாது.

என் முன்மொழிவு: ஒருதலைப்பேசி. ஒருதலைக் காதல் தெரிந்த யாருக்கும் இது புரியும். தொலைபேசி, கைப்பேசி வரிசையிலும் உட்காரும்.

முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் இந்தோசீனாவுக்குப் போனவர். அந்த ஊர் மொழியில் நாலு கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டாராம், பதில் மட்டும் விளங்காதாம். “கேட்டுட்டு அவங்க மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நிப்பேன்” என்பார். அந்த நிலைமை பெயரிலேயே தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

‘ஒருதலைப்பேசி’யில் ‘ப்’ மிகும் என்றே நினைக்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், டிரான்ஸ்டாக் வகைக்கு ‘இருவழி மொழிபெயர்ப்பி’ என்று அடைமொழி வேண்டுமா, வெறும் ‘மொழிபெயர்ப்பி’ போதுமா?

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து