சயின்டிஃபிக் நொட்டேஷன்: பத்தடுக்கு வடிவம், கீழடுக்கு

வணக்கம்.

சயின்டிஃபிக் நொட்டேஷனுக்கு "அறிவியல் குறியீடு" என்ற சொல் தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே இருக்கிறதே, புதிதாக ஒரு பெயர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, பழகியும் விட்டது. ஆனால் அந்தப் பெயர் வகுப்பில் எதையும் விளக்குவதில்லை. வேதியியலில் சோடியத்தின் குறியீடு என்ன என்று படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் கணக்கு வகுப்பில் "அறிவியல் குறியீட்டில் எழுது" என்றால் ஏதோ எழுத்தைக் கேட்கிறார்கள் என்றுதான் நினைக்கும். நாம் செய்வது என்ன? ஒன்றுக்குக் குறையாத, பத்தைத் தொடாத ஓர் எண்ணை முன்னால் வைத்துப் பத்தின் அடுக்கால் பெருக்குகிறோம், அவ்வளவுதான். ஆகவே "பத்தடுக்கு வடிவம்". முன்னால் நிற்பது "முன்னெண்".

நான் இருப்பது பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் (ஆந்திரச் சித்தூர் இல்லை, இதை எல்லாரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது). மலையாளத்தில் அடுக்கைக் கிருதி என்கிறார்கள், அதையே எடுத்துக்கொண்டால் என்ன என்று இங்கே ஓர் ஆசிரியர் கேட்டார். நமக்குக் கிருதி என்றால் தியாகராஜர்தான் ஞாபகம் வருவார், வேண்டாம்.

பெரிய எண்களில் சிக்கலே இல்லை, சின்ன எண்களில்தான் எல்லாம். 0.00042 என்று கொடுத்தால் புள்ளிக்குப் பின் மூன்று பூஜ்யம் என்று எண்ணி 4.2 × 10⁻³ என்று எழுதிவிடுகிறார்கள். பூஜ்யத்தை எண்ணக் கூடாது, புள்ளி எத்தனை இடம் தாண்டியது என்று பார்க்க வேண்டும்: நான்கு, ஆக 4.2 × 10⁻⁴. இதைவிட மோசம், மேலே மைனஸைப் பார்த்ததும் எண்ணே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது என்று நினைப்பது. மைனஸ் அடுக்கை "எதிர் அடுக்கு", "குறை அடுக்கு" என்றால் இரண்டும் அந்தக் குழப்பத்தை வளர்க்கத்தான் செய்யும்.

நம் பழைய கணக்கில் முழு எண்களை மேல்வாய் என்றும் பின்னங்களைக் கீழ்வாய் என்றும் பிரித்திருந்தார்கள். முந்திரி 1/320. அதில் 320-ல் ஒரு பங்கு கீழ்முந்திரி, அதாவது 1/102400. தசமத்தில் 0.000009765625, பத்தடுக்கு வடிவத்தில் 9.765625 × 10⁻⁶. மீட்டரில் வைத்துப் பார்த்தால் இது நம் இரத்தச் சிவப்பணுவின் விட்டத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது! எவ்வளவு கீழே போனாலும் கீழ்வாய் எண் பூஜ்யத்தைத் தாண்டாது. அதனால் மைனஸ் அடுக்கைக் "கீழடுக்கு" என்போம். மேற்சொன்னது "பத்தின் கீழடுக்கு ஆறு". மலையாளத்திலும் மா (1/20), காணி (1/80) என்ற பின்னங்கள் உண்டு, அந்த வகைப் பின்னக் குறிகள் சில 2016-ல் யூனிகோடிலும் ஏறிவிட்டன, எனவே சுவருக்கு அந்தப் பக்கத்து மலையாள வகுப்புக்கும் இது அந்நியமாக இராது.

ஒரு ஆட்சேபம் வரும் என்று தெரியும்: 10³-ஐ 10⁻⁴-ஆல் பெருக்கும்போது மூன்றோடு மைனஸ் நான்கைக் கூட்டத்தானே வேண்டும்? கூட்டட்டும். குறி அப்படியே இருக்கும், வாயால் படிக்கும் பெயர் மட்டும்தான் மாறுகிறது. ஆனால் கீழொட்டு (எழுத்தின் அடியில் சிறிதாக எழுதும் எண், சப்ஸ்கிரிப்ட்) என்ற சொல்லோடு இது மோதுகிறதா என்று வேதியியல்காரர்கள் சொல்ல வேண்டும்.

அப்புறம் கால்குலேட்டர். எலக்ட்ரானின் மின்னூட்டத்தின் அளவு 1.602 × 10⁻¹⁹ கூலூம், அது திரையில் நடுவே ஈ (E) என்ற ஆங்கில எழுத்தோடு வருகிறது, பிள்ளைகள் எர்ரர் என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி தட்டுகிறார்கள். அந்த ஈ-யைப் "பத்தடுக்கு" என்றே வாசிக்கச் சொல்லலாம், தனிச்சொல் தேவையில்லை என்பது என் கட்சி.