சோலைக்குள் பார்த்த ஆரஞ்சுக் குருவி எது?

கேள்வி:
போன வாரம் கோத்தகிரி லாங்வுட் சோலையில், முழங்கால் உயரப் புதரில் சிட்டுக்குருவியை விடச் சின்னதாக ஒரு பறவை. தலையும் இறக்கையும் கரி மாதிரி கருப்பு, மற்றபடி வால் வரைக்கும் ஆரஞ்சு. குச்சியில் அசையாமல் உட்கார்ந்திருந்து, சட்டென்று சருகில் இறங்கி எதையோ கொத்திக்கொண்டு மறுபடி அதே குச்சிக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே பழுப்புத் தலையோடு இன்னொன்று. வலசை வந்தவையா?

பதில் 1:
கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், சந்தேகமே இல்லை. பழுப்புத் தலை பெண். வலசையெல்லாம் கிடையாது, ஆண்டு முழுக்க அங்கேயேதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை, அதுவும் பெரும்பாலும் 1500 மீட்டருக்கு மேலே உள்ள சோலைகளில்தான். ஈப்பிடிப்பான் என்று பெயர் இருந்தாலும் மற்ற ஈப்பிடிப்பான்களைப் போல உயரத்தில் பறந்து பிடிப்பது குறைவு, தரையை ஒட்டியே பூச்சி தேடும்.

பதில் 2:
கூட்டையும் நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த பெரணி இலையும் புல்லும் சேர்த்து உருட்டிய பந்து மாதிரி, பக்கவாட்டில் வாசல், இடுப்பு உயரம்கூட இல்லை. சும்மா பார்த்தால் புதரில் சிக்கிய சருகு என்றுதான் நினைப்போம். வழக்கமாக இரண்டு முட்டை. மார்ச்சிலிருந்து கூடு கட்டும் காலம், அதனால் தயவுசெய்து பாதையை விட்டு இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, அடுத்த முறை பாதையிலேயே நின்று பார்க்கிறேன். ரொம்ப நன்றி.